தெற்குக் கடலுக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்கு



பாரிஸிலும் அதைச் சுற்றியிருக்கும் லா கூர்நெவ், சார்செல், பொபினி போன்ற ஊர்களிலும் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மடல். முக்கியமாக, உணவகக் குசினிகளிலும் துப்புரவு வேலைகளிலும் ஆண்டு முழுவதும் நின்றுவிட்டு, ஆகஸ்டில் கடை பூட்டும்போது மட்டும் உட்காரக் கிடைக்கிறவர்களுக்கு. இந்தக் கோடையில் லண்டன் கல்யாணமும் இல்லை, கனடாப் பயணமும் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீஸ் பக்கம் போய்வருவோம் என்று உங்களில் பலர் பேசிக்கொள்கிறீர்கள். கட்டாயம் போங்கள். எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

வழக்கமாக நடப்பதை எல்லோரும் அறிவோம். இரண்டு குடும்பம் சேர்ந்து ஒன்பது பேர் இருக்கும் வான் ஒன்றை வாடகைக்கு எடுக்கும். பெண்கள் இரண்டு நாள் முன்பே சமைக்கத் தொடங்கிவிடுவார்கள். இரவு வேலை முடிந்து வந்த ஆண்கள் தூங்காமலே தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவார்கள். விடிந்ததும் நீஸில் ஒரு படம், மத்தியானம் மொனாக்கோ சூதாட்ட மாளிகைக்கு முன்னால் ஒரு படம், பின்னேரம் கான் திரைப்பட விழா நடக்கும் படிக்கட்டில் ஒரு படம். அடுத்த நாள் இத்தாலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி ஓட்டம். கடலை எல்லோரும் வான் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள். அம்மாமார் கால்கூட நனைத்திருக்க மாட்டார்கள். வீடு திரும்பியதும் உடுப்புத் தோய்ப்பதும் சட்டிபானை கழுவுவதும் அவர்களுக்கே காத்திருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரே ஊர், ஒரு முழுக் கிழமை, ரயில் நிலையத்துக்கும் கடற்கரைக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. உங்கள் வீட்டில் ஆகக் கூடுதலாக உழைக்கிறவர் யாரோ, அவருடைய ஓய்வை நடுவில் வைத்து மற்றதையெல்லாம் அதைச் சுற்றித் திட்டமிடுங்கள்.

விடுமுறை என்பது வசதியுள்ளவர்களுக்கு, நாங்கள் உழைக்க வந்தவர்கள் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரோடியிருக்கிறது. இந்த நாட்டுத் தொழிலாளிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 1936 மே, யூன் மாதங்களில் பிரான்ஸ் முழுவதும் தொழிற்சாலைகளுக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த யூனிலேயே சம்பளத்தோடு இரண்டு கிழமை விடுமுறை சட்டமானது. லெயோ லக்ராஞ்ச் என்ற இளம் துணை அமைச்சர் விடுமுறைக்குப் போகும் தொழிலாளிகளுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைத்துக் கொடுத்தார். கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளிகள் அந்தக் கோடையில் முதன்முதலாகக் கடற்கரைக்கு வந்தார்கள். மூன்றாவது கிழமை 1956இல் வந்தது, நான்காவது 1969இல், ஐந்தாவது 1982இல். உங்கள் சம்பளத் தாளின் அடியில் மாதத்துக்கு இரண்டரை நாள் என்று ஏறிக்கொண்டு போகும் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது. அதை விற்காதீர்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். லக்ராஞ்ச் காலத்துச் சீட்டும் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, போகவரச் சேர்த்து 200 கிலோமீட்டருக்குக் குறையாத பயணத்துக்கு, 25 சதவீதக் கழிவோடு ஆண்டு விடுமுறைச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பத் தாளில் முதலாளியின் முத்திரை வேண்டும். எந்த ரயில், எந்த இருக்கை என்ற நிபந்தனைகளை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்களில் இதைப் பாவிக்கிறவர்கள் மிகக் குறைவு.

நாம் போகிற கரையின் கதையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. நீஸ் பிரான்ஸோடு சேர்ந்ததே 1860இல்தான். அதற்கு முன்பிருந்தே ஆங்கிலேயப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்துகொண்டிருந்தார்கள். நெஞ்சு நோயாளிகள் மாந்தோனின் இளவெயிலை மருந்தாக நம்பி வந்தார்கள். விக்டோரியா மகாராணி 1882இல் மாந்தோனில் வந்து தங்கினார். நீஸ் கடலோரத்தில் எல்லோரும் படமெடுக்கும் அந்த நீண்ட உலாவீதி, 1820களில் ஆங்கிலேயரின் பணத்தில், வேலையில்லாமல் பசித்திருந்த உள்ளூர் ஏழைகளைக் கொண்டு போடப்பட்டது. 1864இல் ரயில் வந்த பிறகு ஐரோப்பாவின் அரச குடும்பங்கள் எல்லாம் வந்து இறங்கின. கோடையில் மட்டும் ஹோட்டல்கள் பூட்டிக் கிடந்தன. வெயிலில் கிடப்பதும் கடலில் குளிப்பதும் 1920களில்தான் அங்கே நாகரிகமானது. பணக்காரருக்கென்று எழும்பிய கரை அது. கடலோரத்தில் வரிசையாக விரித்திருக்கும் சாய்வுக் கதிரைகளையும் வெள்ளைக் குடைகளையும் கண்டதும், இது நமக்கான இடமில்லை என்று நம்மவர்கள் திரும்பி நடப்பதற்கு அந்தப் பழைய காலத்தின் மிச்சம்தான் காரணம்.

அங்கே திரும்பி நடக்காதீர்கள். பிரான்ஸில் கடற்கரை பொதுச் சொத்து. 1986ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டம், மக்கள் கட்டணமின்றித் தாராளமாகப் பாவிக்கவே கடற்கரை என்று எழுதி வைத்திருக்கிறது. கதிரை போட்டுக் காசு வாங்குகிறவர் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், அவ்வளவுதான். இயற்கையான கடற்கரை என்றால் அதன் நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் குத்தகைக்குக் கொடுக்காமல் விட்டுவைக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. தண்ணீர் ஓரமாக நடந்து போகிறவரை எந்தக் குத்தகைக்காரரும் மறிக்க முடியாது. 2015 யூலையில் சவூதி மன்னர் வலோரிஸ் ஊரிலுள்ள தன் மாளிகையில் தங்க வந்தபோது, கீழே இருந்த சின்னப் பொதுக் கடற்கரையை அதிகாரிகள் மூடிவிட்டார்கள். அதை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். மூன்று கிழமை தங்க வந்தவர் எட்டு நாளில் புறப்பட்டுப் போனார், கரை திரும்பத் திறந்தது. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு துவாயும் குடையும் கொண்டுபோய் விரித்து உட்காருங்கள். 20, 30 யூரோ கொடுத்துக் கதிரை எடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

எந்த ஊரில் தங்குவது? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு நான் அந்தீப் என்றுதான் சொல்வேன். நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல், கால் வைக்க நோகும். கரையிலிருந்து சில எட்டிலேயே ஆழமும் வந்துவிடும். நீந்தத் தெரியாதவர்களுக்கு அது ஏற்ற இடமே அல்ல. அந்தீப்பில் பழைய கோட்டை மதிலுக்குக் கீழே லா கிராவெத் என்று ஒரு சின்ன மணற்கரை இருக்கிறது. அலை வராதபடி தடுப்பு இருப்பதால் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி லா சாலி கடற்கரை, அதுவும் மணல், அதுவும் பொது. மதிலுக்கு மேலே உள்ள கோட்டை வீட்டில் 1946இல் ஓவியர் பிக்காசோ இருந்து வரைந்தவை இன்றும் அங்கேயே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெயில் ஏறிய மத்தியானத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம்.

அப்பம்மா, அம்மம்மாவும் கூட வருகிறார்கள் என்றால் மாந்தோன் நல்லது. கடலோர நடைபாதை சமதரை. நீஸை விட ஊர் அமைதியானது. இந்தக் கரையின் ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே ரயில் பாதை கோத்துக்கொண்டு போகிறது. ஆகவே எங்கே தங்கினாலும் மற்ற ஊர்கள் கைக்கெட்டும் தூரம்தான். நீஸிலிருந்து வில்பிராஞ்சுக்குப் பத்து நிமிடமும் ஆகாது. அங்கே நிலையத்தில் இறங்கிப் படியால் கீழே போனால் நேரே கடற்கரை. அதே ஊரில், துறைமுகத்தின் ஓரத்தில், மீனவர்களின் சின்னப் பேதுருவானவர் கோவில் ஒன்று இருக்கிறது. 1957இல் பிரெஞ்சுக் கலைஞர் ழான் கொக்தோ அதன் உட்சுவர்கள் முழுவதும் பேதுருவின் கதையையும் மீனவர் வாழ்க்கையையும் வரைந்து வைத்தார். வல்வெட்டித்துறை, பாசையூர், மன்னார் என்று கடலோடு வளர்ந்தவர்கள் அதற்குள் போனால் கெதியில் வெளியே வர மாட்டார்கள். மொனாக்கோவுக்கு ஒரு பின்னேரம் போதும்.

மார்செய் பக்கம் போக நினைக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது வேறு அழகு, அதை வேறொரு பயணமாக வையுங்கள். கலாங்க் என்கிற வெண்பாறை முடுக்குகளுக்குள் கோடையில் நினைத்த நேரத்தில் போக முடியாது. காட்டுத்தீ ஆபத்துள்ள நாட்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். முதல்நாள் மாலை அறிவித்தலைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். சுஜித்தோன் முடுக்குக்கு 2022 முதல் கோடை நெருக்கடி நாட்களில் ஒரு நாளைக்கு 400 பேர் மட்டும். பதிவு இலவசம், ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். மார்செய் நகரத்தின் ஜோலியத் துறைமுகத்தில் நிற்கும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். பாண்டிச்சேரித் தமிழர்கள், கொழும்பில் ஏறிய மாணவர்கள், இந்தோசீனா போய்வந்த சிப்பாய்கள் என்று, விமானம் எளிதாவதற்கு முன்பு நம்மவர்கள் பிரான்ஸைக் கண்ட முதல் இடம் அதுதான். மெசாஜெரி மாரிதீம் நிறுவனத்தின் கப்பல்கள் அவர்களை அங்கேதான் இறக்கின.

இனி, எனக்கு ஆக முக்கியமான விடயம். அம்மாமார் தண்ணீரில் இறங்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் படிப்பிக்கிறார்கள். பெரும்பாலான தாய்மாருக்கு அந்த வாய்ப்பு எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை. என்ன உடுத்திக்கொண்டு இறங்குவது என்ற கூச்சமும் உண்டு. நகராட்சி நீச்சல் குளங்களில் உடைக்குக் கடுமையான விதிகள் இருப்பதால், கடலிலும் அப்படித்தான் என்று நினைத்துக் கரையிலேயே இருந்துவிடுகிறார்கள். கடலில் அப்படி ஒரு விதியும் இல்லை. அந்தீப்புக்கும் நீஸுக்கும் நடுவில் இருக்கும் வில்நெவ் லூபே ஊராட்சி 2016இல் உடலை மூடிய குளியல் உடையைத் தடைசெய்தபோது, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த ஆகஸ்ட் 26ஆம் திகதியே அதை நிறுத்திவைத்தது. அந்த வழக்கு முஸ்லிம் பெண்களைக் குறிவைத்த தடையைப் பற்றியது. அதில் காக்கப்பட்ட உரிமை எல்லாப் பெண்களுக்கும் உரியது. நீளக் காற்சட்டையும் ரீசேட்டுமாகத் தாராளமாக இறங்குங்கள். பாரம் ஏறி இழுக்கும் சேலையும் நீளப் பாவாடையும் மட்டும் தண்ணீருக்குள் வேண்டாம், அது ஆபத்து.

இந்தக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, அலையும் பெரும்பாலும் சிறிது. ஆகஸ்டில் தண்ணீர் 24, 25 பாகை வரை சூடாகும். அதற்காகக் கவனம் குறையக் கூடாது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான கொடிகள் இரண்டுக்கு நடுவில்தான் காவலர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அங்கேயே குளியுங்கள். பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் ஆபத்து இருக்கிறது, கவனம். சிவப்பு என்றால் ஒருவரும் இறங்கக் கூடாது. ஊதா என்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது அல்லது ஆபத்தான உயிரினம் வந்திருக்கிறது. சொறிமுட்டை சுட்டால் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிவு கூடும். கடலில் ஒருவர் ஆபத்தில் இருப்பதைக் கண்டால் 196 என்ற எண்ணுக்கு அடியுங்கள். சின்னப் பிள்ளையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது ஒரு பெரியவரின் வேலை. அவர் அந்த நேரத்தில் தொலைபேசியைப் பார்க்கக் கூடாது. ஆண்களே, அந்த வேலையை நீங்கள் எடுங்கள். உங்கள் மனைவி முழங்கால் தண்ணீரில் பயந்து நிற்கும்போது சிரிக்காமல் கை கொடுங்கள். முதல் நாள் கால் நனைப்பார், இரண்டாம் நாள் இடுப்பு வரை போவார், நாலாம் நாள் தானாக மிதப்பார். ஒரே ஊரில் ஒரு கிழமை நில்லுங்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். படமெடுக்கும் பயணத்தில் இந்த நாலாம் நாள் வரவே வராது.

கடலைப் பார்த்தாலே முகம் திருப்புகிறவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2009இல் முல்லைத்தீவுக் கரையில் கடலுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள். வந்தால் மாறிவிடும் என்று சொல்லாதீர்கள். கடல் தெரியாத பக்கத்து அறையை அவர்களுக்குக் கொடுங்கள், காலையில் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். கரைக்கு வர விரும்பினால் அவர்களாக வருவார்கள்.

இத்தாலிப் பக்கம் எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். மாந்தோனுக்கு அடுத்தது வென்திமில்லியா. வெள்ளிக்கிழமைச் சந்தை பெரியது, சாமான் மலிவு. ஆனால் 2015 முதல் பிரான்ஸ் இந்த எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. திரும்பி வரும்போது மாந்தோன் கரவான் நிலையத்தில் பொலிஸ் ரயிலில் ஏறும். முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. வதிவிட அட்டை, கடவுச்சீட்டு அல்லது அகதிகளுக்கான பயணப் பத்திரம், பிள்ளைகளின் அட்டை, எல்லாவற்றின் மூலப் பிரதியும் கையில் இருக்கட்டும். அகதி விண்ணப்பம் இன்னும் முடியாதவர்கள் எல்லையைக் கடக்கவே வேண்டாம். வென்திமில்லியா நிலையத்துக்கு வெளியே சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த இளம் பையன்கள் நிற்பதைக் காண்பீர்கள். ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் இந்த எல்லையைக் கடக்கப் பார்த்துப் பலர் இறந்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் ஏதோ ஒரு நாட்டு எல்லையில் அதே வயதில், அதே பயத்தோடு நின்றோம். அவர்களைக் கண்டு பையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டையும் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் வீட்டில் சமையல், அதையும் முறை வைத்துச் செய்யுங்கள். குசினியில் வேலை செய்யும் ஆண்கள் அந்தக் கைத்திறனை இந்த ஒரு கிழமை தங்கள் குடும்பத்துக்குக் காட்டலாம். மற்ற வேளைக்கு ஊர்ச் சாப்பாடு. நீஸின் சொக்கா கடலைமா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து விறகடுப்பில் சுட்டது, நம் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மரக்கறிக்காரர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம், வயதானவர்களுக்கும் பிடிக்கும். பிசலதியேர் என்ற வெங்காய ரொட்டியில் நெத்தலி இருக்கும், விரத நாளில் கவனம்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். பிள்ளைகள் உள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, குடும்பக் கொடுப்பனவு வழங்கும் காஃப் அலுவலகம் விடுமுறை உதவி தருகிறது. வக்காஃப் என்று கேளுங்கள். அவர்கள் அங்கீகரித்த முகாம்களிலும் விடுமுறை வீடுகளிலும் தங்கினால் வாடகையில் ஒரு பகுதியை அவர்களே கட்டுவார்கள். ஒதுக்கிய பணம் முடிந்தால் முடிந்ததுதான், ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். வேலையிடத்தில் விடுமுறைக் காசோலை கிடைக்குமா என்றும் கேளுங்கள். பாரிஸ் ஒஸ்தர்லிட்ஸிலிருந்து நீஸுக்கு இரவு ரயில் 2021இல் திரும்ப ஓடத் தொடங்கியிருக்கிறது. படுத்துக்கொண்டே போகலாம், ஒரு இரவு வாடகையும் மிச்சம். தூக்கமில்லாமல் வான் ஓட்டுவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து ரயிலில் போங்கள்.

எப்போது போவது என்பது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் யூலை முதல் பாதியைப் பாருங்கள், ஆகஸ்டை விட வாடகை குறைவு, கூட்டமும் குறைவு. கடை பூட்டும் ஆகஸ்ட்தான் வழி என்றால், மாத முடிவில் வரும் லா சப்பல் பிள்ளையார் தேருக்குள் திரும்பி வருகிற மாதிரிப் போடுங்கள். தேரை விட்டுவிட்டு வர அம்மாமாருக்கு மனம் வராது. திகதியை முதலாளியிடம் வாயால் கேட்டுவிட்டு இருக்க வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். மே 1 முதல் ஒக்டோபர் 31 வரையான காலத்துக்குள் குறைந்தது 12 வேலைநாளைத் தொடர்ச்சியாக எடுப்பது உங்கள் உரிமை. கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கேட்கும் உரிமையும் தொழிற்சட்டத்தில் இருக்கிறது. ஒரே துப்புரவு நிறுவனத்தில் வேலைசெய்து, ஆளுக்கொரு மாதத்தில் லீவு எடுத்து, ஒருமுறையும் சேர்ந்து வெளியே போகாத தம்பதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்த வரியைக் காட்டிக் கேட்கட்டும். கடிதம் எழுதப் பிரெஞ்சு தடையாக இருந்தால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். திகதி கைக்கு வந்ததும் முதலில் ரயில் சீட்டு, பிறகு வீடு, பிறகுதான் சொந்தக்காரருக்குச் சொல்வது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி